விலையும் செலவும்: மின்சாரக் கார் எழுப்பும் ஓர் அறவியல் வினா

சிக்கனம் எல்லாச் சமூகங்களிலும் நற்பண்பாகவே போற்றப்பட்டு வந்துள்ளது. ஒரு பொருளைப் பிறரைவிட மலிவாகப் பெற்றவன் கெட்டிக்காரன் எனப்படுகின்றான். அவ்வாறு மிச்சமான பணம் எங்கிருந்து மிச்சமாயிற்று என்று எவரும் கேட்பதில்லை. இன்று இலங்கையின் நடுத்தர வகுப்பு வீடுகளில் அடிக்கடி பேசப்படும் கணக்கொன்று இக்கேள்வியைக் கேட்பதற்கு மிகவும் வாய்ப்பானது. வீட்டு மின்சாரத்தில் ஓடும் காருக்குக் கிலோமீற்றர் ஒன்றுக்கு என்ன செலவு, பெற்றோலில் ஓடும் காருக்கு என்ன செலவு என்பதே அக்கணக்கு. இது கூட்டல் கழித்தல் சார்ந்த விடயமன்றோ, மெய்யியலுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். கூட்டலும் கழித்தலும் எளியனவே. எவற்றைக் கூட்டுவது, எவற்றைக் கணக்குக்கு வெளியே விடுவது என்ற தீர்மானமோ எண்கணிதத்தால் எடுக்கப்படுவதன்று.

முதலிற் கணக்கையே நோக்குதல் தகும். சிறிய மின்சாரக் கார் ஒன்று, மின்னேற்றத்தின்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்துப் பார்த்தால், சுவரிலிருந்து பெறும் ஓரலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர் ஓடும். அதையொத்த பெற்றோல் கார் கொழும்பு வீதிகளில் லீற்றருக்கு ஏறத்தாழ 12 கிலோமீற்றர் ஓடும் எனக் கொள்ளலாம். 2015-இல், வரிச்சலுகையின் பயனாக மின்சாரக் கார்கள் இந்நாட்டுக்குக் கணிசமாக வரத் தொடங்கியபோது, 92 ஒக்ரேன் பெற்றோலின் விலை லீற்றருக்கு 117 ரூபாய். எனவே கிலோமீற்றருக்குப் பத்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மின்சாரத்தின் பக்கம் திரும்பியவுடன் கணக்கு ஓரெண்ணில் நிற்க மறுக்கின்றது. மாதத்துக்கு 180 அலகுகளைத் தாண்டிய சாதாரண வீட்டில், மேலதிகமான ஒவ்வோரலகுக்கும் 45 ரூபாய். அதன்படி கிலோமீற்றருக்கு 7.50 ரூபாய். அதே ஆண்டில் அறிமுகமான நேரவாரிக் கட்டணத்தின்கீழ் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை அலகொன்று 13 ரூபாய்; அதன்படி கிலோமீற்றருக்கு இரண்டு ரூபாய் சொச்சம். அதே திட்டத்தில் மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்சநேரத்தில் அலகொன்று 54 ரூபாய். அதன்படி 9 ரூபாய். பெற்றோலுக்கும் இதற்குமிடையே அதிக தூரம் இல்லை. ஒரே காருக்கு ஒரே மின்சாரம் மூன்று செலவுகளைத் தருகின்றது. வீட்டில் மின்னேற்றுவது மலிவு என்ற பொதுக்கூற்று, எந்த வீட்டில், எந்த நேரத்தில் என்ற இரு கேள்விகளுக்கும் விடை கூறாதவரை பொருளற்றதாகும்.

நேரம் பற்றிய கேள்விக்கு நியாயமான காரணம் உண்டு. சூரியன் மறைந்ததும் இலங்கையின் விளக்குகள், அடுப்புகள், தொலைக்காட்சிகள் யாவும் ஒருங்கே இயங்கத் தொடங்குகின்றன. அந்நான்கு மணித்தியாலத் தேவையை நிறைவு செய்வதற்காகவே நீர்த்தேக்கங்களின் நீர் சேமித்து வைக்கப்படுகின்றது. அதுவும் போதாதபோது எண்ணெயை எரிக்கும் நிலையங்கள் இயக்கப்படுகின்றன. நள்ளிரவிலோ நுரைச்சோலையின் நிலக்கரி இயந்திரங்கள் எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை மாலையில் மூட்டி இரவில் அணைத்துவிட இயலாது. ஆகவே இரவில் வாங்கும் அலகு உண்மையிலேயே மலிவானது. அதை மலிவாக விற்றது தருமமன்று, விவேகமே. மறுதலையாக, மாலை ஏழு மணிக்கு மின்னேற்றப்படும் மின்சாரக் கார், எண்ணெயைத் தன் வயிற்றில் எரிக்காது களனிதிஸ்ஸவிலும் சப்புகஸ்கந்தவிலும் எரிப்பிக்கின்றது எனல் பெரும் மிகையாகாது.

வீடு பற்றிய கேள்விக்கு அத்தகைய காரணம் கிடைப்பதில்லை. நேரவாரிக் கட்டணம் தொடக்கத்தில் ‘திரீ பேஸ்’ எனப்படும் மூவவத்தை இணைப்புள்ள வீடுகளுக்கே திறந்து விடப்பட்டது. அத்தகைய இணைப்பு பெரும்பாலும் பெரிய வீடுகளில் இருப்பது. அன்றைய கட்டண முறையின் உள்ளமைப்பை நோக்கினால் இதன் பொருள் விளங்கும். மாதத்துக்கு 30 அலகுக்குள் பாவித்த வீடு அலகுக்கு 2.50 ரூபாய் செலுத்தியது. 180-ஐத் தாண்டிய வீடு 45 ரூபாய் செலுத்தியது. மேற்படியில் இருப்பவன் கீழ்ப்படியில் இருப்பவனைத் தாங்குவான் என்ற எழுதப்படாத உடன்படிக்கை அது. மிகுதியாகப் பாவிக்கும் வீடொன்று அந்தப் படிமுறையிலிருந்து வெளியேறி, தன் பாவனையின் பெரும்பகுதியை 13 ரூபாய்க்கு நகர்த்திக்கொள்ளும்போது, அவ்வீட்டார் மின்சாரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. உடன்படிக்கையிலிருந்தும் ஓரளவு விலகிக்கொள்கின்றனர். ஓரளவு எனல் வேண்டும். ஏனெனில் அவர்கள் மாலை விளக்குக்கு 54 ரூபாய் செலுத்தவும் உடன்படுகின்றனர். விலை வேறுபாட்டை நேரத்தைக் காட்டி நியாயப்படுத்தலாம். அந்நேரத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு சில வீடுகளுக்கு மட்டும் உரியதானமையை எதைக் காட்டியும் நியாயப்படுத்துதல் அரிது.

2022-ஆம் ஆண்டு இக்கணக்கை அதன் உச்சத்துக்குக் கொண்டு சென்றது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் 470 ரூபாயாயிற்று. கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 39 ரூபாய். மின்கட்டணமோ ஓகஸ்ட் 10 வரை பழையபடியே இருந்தது. எனவே இரவில் மின்னேற்றும் வசதியுடையவர் பெற்றோற் காரரின் பதினெட்டில் ஒரு பங்கு செலவில் பயணஞ்செய்தார். நாட்கணக்கில் எரிபொருள் வரிசைகளில் மக்கள் காத்துக் கிடந்த காலம் அது. பின்னர் ஜூலையில் வந்த கியூஆர் முறையின்படி தொடக்கத்தில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என வரையறுக்கப்பட்டது. உல்லாசத்துக்கு ஓடும் காருக்கு 20, உழைத்து உண்பதற்கு ஓடும் முச்சக்கரவண்டிக்கு 5! இப்பங்கீட்டை வகுத்தோர் தாங்கியின் கொள்ளளவை நோக்கினரேயன்றி வயிற்றின் கொள்ளளவை நோக்கினரல்லர். வடபகுதி மக்களுக்கு இத்தகைய பஞ்சம் புதியதன்று. 1990-களில் பொருளாதாரத் தடையின்கீழ் இருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய கார்களைக் கண்டவர்கள், விலைப்பலகையில் எழுதப்பட்ட எண்ணுக்கும் ஒரு பொருளின் பெறுமதிக்கும் உள்ள தொலைவை நன்கறிவர்.

பதினெட்டில் ஒரு பங்கு என்ற அந்த விந்தையான மலிவை எவர் ஈட்டினார்? வண்டியுரிமையாளரின் முன்யோசனைக்கு அதில் ஒரு பங்குண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் பெரும்பங்கு, 2014 முதல் உயர்த்தப்படாதிருந்த மின்கட்டணத்திலிருந்து வந்தது. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் செலுத்தப்பட்ட உண்மை விலைக்கும் மின்பட்டியலில் எழுதப்பட்ட விலைக்கும் இடையிலான பள்ளத்தை மின்சார சபையின் கடனும் திறைசேரியும் நிரப்பின. திறைசேரியை நிரப்பியோர் அரிசியும் பால்மாவும் வாங்கியபோது வரி செலுத்தியோர். பணவீக்கத்தால் சம்பளத்தின் பெறுமதியை இழந்தோர். பள்ளத்தை மூட வேண்டிய நாள் வந்தபோது எல்லோரும் ஒரே அளவிற் சுமக்கவில்லை. 30 அலகுக்குள் பாவித்த வீட்டின் அலகு விலை 2.50-இலிருந்து 2022 ஓகஸ்டில் 8 ரூபாயாகவும், 2023 பெப்ரவரியில் 30 ரூபாயாகவும் உயர்ந்தது. ஆறு மாதத்துள் பன்னிரு மடங்கு. ஒரு மின்குமிழும் சிறு வானொலியுமே மின்சாரப் பாவனையாக உள்ள வீட்டுக்கு அது நிகழ்ந்தது. அதன் பின்னர் கட்டணங்கள் பலமுறை இறங்கியும் ஏறியும் உள்ளன. எனினும் அந்த ஆறு மாதங்கள் காட்டிய உண்மை மாறவில்லை. செலுத்தப்படாத செலவு மறைந்து போவதில்லை; வேறொருவரின் முகவரிக்குச் செல்கின்றது.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழுமிடத்து, வாங்குவதிலும் கொடுப்பதிலும் நடுநிலை பிறழாமையையே அவர்தம் சிறப்பாகக் காட்டுகின்றது. அது வாங்குவோனும் விற்போனும் நேருக்கு நேர் நிற்கும் அங்காடியின் அறம். மூன்றாம் ஆள் ஒருவர் தொலைவில் நின்று அவ்விற்பனையின் சுமையைத் தாங்கும் நிலை அங்கு எழுவதில்லை. 1920-இல் ஆங்கிலப் பொருளியலாளர் பிகூ, நலன்புரிப் பொருளியல் பற்றிய தம் நூலில் இந்த மூன்றாம் ஆளையே பொருளியலின் நடுவே நிறுத்தினார். ஆலைப்புகை அண்டை வீட்டாரின் துணியில் படிந்தால், துணி வெளுக்கும் செலவு ஆலையின் கணக்கேட்டில் இல்லை. ஆயினும் அதுவும் அப்பொருளின் செலவே என்பது அவர் வாதத்தின் சாரம். நுரைச்சோலையின் நிலக்கரிச் சாம்பல் கற்பிட்டிக் குடாநாட்டின் தோட்டங்களிற் படிவது பற்றி அங்குள்ள விவசாயிகள் பல்லாண்டுகளாக முறையிட்டு வந்துள்ளனர். அச்சாம்பல் கொழும்பிலே கார் மின்னேற்றுபவரின் பட்டியலில் ஒரு வரியாகவும் இல்லை.

நீர்மின்சாரம் கறைபடாதது என்பர். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் கோடையில் தாழும்போது, மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் ஏனைய வழிபாட்டிடங்களின் எச்சங்களும் வெளியே தெரிகின்றன. பார்க்க மக்கள் திரளுகின்றனர், படம் பிடிக்கின்றனர். விக்ரோறியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகர் நீருள் போயிற்று. மலையகத்தின் ஆறுகள் பல பத்தாண்டுகளாகத் தலைநகருக்கு ஒளியூட்டியிருக்க, அவ்வாறுகளின் கரையிலிருந்த லயங்கள் பலவற்றுக்கு மின்னிணைப்பு மிகப் பிந்தியே வந்தது. இவற்றையெல்லாம் ரூபாயாக்கி ஓரலகின் விலையில் ஏற்றுவது எங்ஙனம் என்று கேட்டால், முற்றாக இயலாது என்பதே விடை. கோயிலொன்று மூழ்கியதற்கு அலகுக்கு எத்தனை சதம்? கேள்வியே நகைப்புக்குரியதாக ஒலிக்கின்றது. ஆனால் இயலாத ஒன்றைச் சுழியம் என எழுதிவிட்டு அப்பால் நகர்வதும் ஒரு விலையிடலே. அதுவும் மிகத் தவறான விலையிடல்.

இவ்விடத்தில் பெற்றோலுக்காக வழக்காடுவோர் மகிழ வேண்டியதில்லை. நைஜர் கழிமுகத்தின் எண்ணெய் படிந்த நீர்நிலைகளும், நகரப் புகையும், எண்ணெய்க்காக நிகழ்ந்த போர்களும் லீற்றர் விலையில் ஒருபோதும் எழுதப்பட்டதில்லை. மின்கலத்துக்கான கோபால்ற்றின் பெரும்பகுதி கொங்கோவின் சுரங்கங்களிலிருந்து வருவதும், அவற்றுட் சிலவற்றில் சிறுவர் உழைத்தமை வெளிப்பட்டதும் உண்மையே; அது மின்சாரக் காரின் மீதான கறை. ஆயினும் எரித்து முடித்த எண்ணெய் மீள வராது. தேய்ந்த மின்கலத்தின் உலோகத்தை மீட்டெடுக்கலாம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மின்சாரக் காரே குறைந்த தீங்குடையது என்ற முடிவு வலுவானது. மலிவானது எது என்ற கேள்வியில் இவ்வளவு சிக்கலிருக்க, தீங்கு குறைந்தது எது என்பதில் ஒப்பீட்டளவில் தெளிவிருப்பது சற்று வியப்புக்குரியதே. பேருந்து இந்த ஒப்பீட்டினுள் ஒருபோதும் அழைக்கப்படுவதில்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். அழைக்கப்பட்டால் இரு கார்களும் தோற்கும்.

இனி, இவ்வினாவின் மிக நுண்ணிய பகுதி வருகின்றது. வெள்ளவத்தை போன்ற இடங்களில் ஒரே வீட்டின் கீழ்த்தளத்தில் உரிமையாளரும் மேல்தளத்தில் வாடகைக் குடும்பமும் ஒரு மின்மானியைப் பகிர்ந்து வாழ்வது வழக்கம். முன்கூறிய படிமுறைக் கட்டணத்தில் இரு குடும்பமும் சேர்ந்து மாதத்துக்கு 170 அலகு பாவித்தனர் எனக் கொள்வோம். மேல்தளத்தார் மின்சாரக் கார் ஒன்று வாங்கி 100 அலகு கூடுதலாகப் பாவிக்கின்றனர். பட்டியல் 180-ஐத் தாண்டி 45 ரூபாய்ப் படியில் ஏறுகின்றது. அந்த 45 ரூபாய் அலகுகள் யாருடையவை? பிந்தி வந்த கார்தான் கடைசி அலகுகளைப் பாவித்தது என உரிமையாளர் கூறுவார். மின்கம்பியில் வரும் அலகுகளில் முதலாவது, கடைசியாவது என்று பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை. கீழ்த்தளத்துக் குளிரூட்டி இல்லாவிடில் காரும் 180-க்குள் அடங்கியிருக்கும் என வாடகைக்காரர் கூறுவார். இருவர் கூற்றும் தர்க்கத்தில் பிழையற்றவை. முந்தி வந்தமை ஓர் உரிமையைத் தருமா என்பதே இருவருக்குமிடையிலான உண்மையான பிணக்கு. நடைமுறையில், தீர்ப்பு வீட்டுரிமை யாரிடம் உள்ளதோ அவர் பக்கமே செல்லும்.

நாடு முழுவதும் அத்தகைய ஒரே வீடுதான். மாலை ஏழு மணிக்கு எண்ணெய் இயந்திரம் ஒன்று இயக்கப்படுவதற்கு எவருடைய அலகு காரணம்? தனியொரு கார் மூன்று கிலோவாற்று எடுத்தால் மின்வலையமைப்பு அதை உணர்வதுமில்லை. டெரெக் பார்ஃபிற் 1984-இல் வெளியான தம் நூலில் இத்தகைய நிலைமையைக் கொடூரமான ஒரு கற்பனையால் விளக்கினார். ஆயிரம் பேர் ஆளுக்கொரு பொத்தானை அழுத்துகின்றனர். ஒவ்வொரு பொத்தானும் ஆயிரம் கைதிகளின் வேதனையை உணரமுடியாத அளவே கூட்டுகின்றது. முடிவில் வேதனை தாங்கொணாததாகின்றது. தான் எவரையும் துன்புறுத்தவில்லை என ஒவ்வொருவரும் கூறலாம், ஆயினும் ஆயிரவரும் சேர்ந்து துன்புறுத்தினர். எனவே தனியொரு செயலின் விளைவை மட்டும் நிறுப்பது போதாது. அது எந்தக் கூட்டத்தின் பகுதியாக நிகழ்கின்றது எனவும் நோக்க வேண்டும் என்பது பார்ஃபிற்றின் முடிவு. ஓரிலட்சம் கார்கள் மாலையில் ஒருங்கே மூன்று கிலோவாற்று வீதம் எடுத்தால் 300 மெகாவாற்று. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களுள் ஒன்று முழுதும் அதற்கே வேண்டும். படிமுறைக் கட்டணத்தில் உள்ள வீட்டின் மானிக்கு மாலையும் நள்ளிரவும் ஒன்றே. அங்கே மின்னேற்றும் நேரத்தைத் தாமதிப்பவருக்கு ஒரு சதமேனும் மிச்சமில்லை. சட்டமும் விலையும் மௌனமாயுள்ள அந்த மூன்று மணித்தியாலத் தாமதம், ஒருவரின் சிக்கனத்தையன்றி அவரது நேர்மையையே அளக்கின்றது.

நேரம் நிலையானதன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கூரைச் சூரியகலங்கள் பெருகியதால் நாட்டின் மின்சாரம் மிகுந்து நிற்பது இப்போது நடுப்பகலிலேயே. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை மிகக் குறைந்திருந்தபோது, கூரைச் சூரியகலங்களைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை உரிமையாளரைக் கேட்டுக்கொண்டது. வாகனம் வாங்கவும் முதலில் ஓட்டவும் நல்லநேரம் பார்ப்போர் பலர். மின்னேற்றுவதற்கும் உண்மையான ஒரு நல்லநேரம் உண்டு, அது பத்து ஆண்டுகளுள் நள்ளிரவிலிருந்து நண்பகலுக்கு இடம் மாறியுள்ளது. 2015-இல் இரவு மின்னேற்றி நற்பணி செய்தவர், இன்றும் அவ்வழக்கத்தையே அறமெனக் கொண்டிருந்தால் தவறக்கூடும். ஒழுக்கவிதிகள் உலகின் நிலைமைகளோடு பிணைந்தவை என்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது.

நண்பகலில் கார் வீட்டில் நிற்பதில்லை. கச்சேரியிலும் வைத்தியசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் வங்கியிலும் நிற்கின்றது. எனவே வீட்டில் மின்னேற்றும் செலவு என்ற தலைப்பே மெல்லப் பழையதாகி, வேலைத்தல மின்னேற்றம் என்ற புதிய பங்கீட்டுப் பிரச்சினை முன்வருகின்றது. பொது நிறுவனமொன்றின் வாகனத் தரிப்பிடத்தில் பத்து மின்னிணைப்புகள் நிறுவப்படின் அவை யாருக்குரியவை? அமெரிக்க மெய்யியலாளர் றோல்ஸ் 1971-இல் முன்வைத்த சோதனை இங்கே நேரடியாகப் பயன்படும். தாம் பணிப்பாளராய் இருப்பாரா, வாயிற்காவலராய் இருப்பாரா, வாயிலுக்கு வெளியே சவாரிக்குக் காத்திருக்கும் முச்சக்கரவண்டிக்காரராய் இருப்பாரா என்பதை அறியாத நிலையில் ஒருவர் அப்பத்து இணைப்புகளையும் எவ்வாறு பங்கிடுவார்? பணிப்பாளரின் கார் காலையில் வந்து மாலையில் செல்லும். முப்பது கிலோமீற்றரும் ஓடாது. முச்சக்கரவண்டி நாளெல்லாம் ஓடும். ஓரலகு மின்சாரம் பதிலீடு செய்யும் பெற்றோலும், அதனால் ஒரு குடும்பத்துக்கு மிஞ்சும் வருவாயும் முச்சக்கரவண்டியிலேயே மிகுதி. மதிய வேளையில் சவாரி குறைந்து அவ்வண்டிகள் மரநிழலில் நிற்பதும், கூரைகளில் மின்சாரம் மிகுந்து நிற்பதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. பத்தில் ஆறு இணைப்பேனும் மதிலுக்கு வெளியே, வீதியோரமாக, முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தை நோக்கி அமைக்கப்படுதல் வேண்டும்.